காவிரிப் படுகைப் படகுகளின் ஓவியச் சித்தரிப்பு

காவிரிப் படுகைப் படகுகளின் ஓவியச் சித்தரிப்பு என்பது தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, நாகப்பட்டினம், திருவாரூர், மயிலாடுதுறை மாவட்டங்களை உள்ளடக்கிய காவிரிப் படுகையின் ஆறுகள், கால்வாய்கள், கடற்கரை ஆகியவற்றில் தொழிலுக்குப் பயன்பட்ட படகுகளையும் அவற்றை இயக்கியோரையும் ஓவியர்கள் வரைந்த முறையைக் குறிக்கும். 18ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் ஐரோப்பிய ஓவியர்கள், தஞ்சாவூர்க் கம்பெனி ஓவியர்கள், கடற்படை வரைவாளர்கள், இதழ் ஓவியர்கள் எனப் பலர் இப்பகுதியின் படகுகளையோ படகுத் தொழிலாளரையோ வரைந்துள்ளனர்.

மரமும் நாரும் விரைவில் அழியக்கூடியவை. ஆகவே வழக்கொழிந்த படகுகளைப் பற்றி அறிய ஓவியம் ஒரு முதன்மைச் சான்றாக உள்ளது. ஆனால் ஓவியர் கண்டதை மட்டும் வரைவதில்லை. வாங்குபவரின் விருப்பம், தம் மரபின் இலக்கணம், படத்தின் அழகு ஆகியவற்றிற்காகச் சிலவற்றை மாற்றுவதும் உண்டு. இம்மாற்றம் கலைச் சுதந்திரம் எனப்படுகிறது. ஒரே ஓவியத்தில் துல்லியமான பகுதியும் மாற்றப்பட்ட பகுதியும் அருகருகே இருப்பதால், ஓவியம் முழுவதையும் உண்மை என்றோ பொய் என்றோ கொள்ள இயலாது.

பின்னணி

காவிரிப் படுகையின் கால்வாய்கள் முதன்மையாகப் பாசனத்திற்கு உரியவை. கல்லணையிலிருந்து காவிரி, வெண்ணாறு எனப் பிரியும் நீர், பல கிளை ஆறுகளாகவும் வாய்க்கால்களாகவும் பிரிந்து வயல்களை அடைகிறது. வழியெங்கும் மதகுகளும் தடுப்பணைகளும் உள்ளன. இவை நீரைப் பங்கிட உதவுகின்றன. ஆனால் சரக்குப் படகு தொடர்ந்து செல்வதற்கு இவை தடையாகும்.

மேலும் இவ்வாய்க்கால்களில் ஆண்டு முழுவதும் நீர் ஓடுவதில்லை. 1934இல் மேட்டூர் அணை பயன்பாட்டிற்கு வந்தபின், ஜூன் 12ஆம் நாள் பாசனத்திற்காக அணையைத் திறந்து ஜனவரி 28ஆம் நாள் மூடுவது வழக்கமாயிற்று. நீர் இருப்பைப் பொறுத்துத் திறக்கும் நாள் மாறுவதுண்டு. கோடையில் பல ஆறுகள் மணற்பரப்பாகக் காட்சியளிக்கும்.

பொறியாளர் ஆர்தர் காட்டன் (1803–1899) நீர்வழிப் போக்குவரத்தைப் பெரிதும் வலியுறுத்தியவர். அவர் வகுத்த கோதாவரிப் படுகைக் கால்வாய்கள் பாசனத்துடன் படகுப் போக்குவரத்திற்கும் ஏற்றவாறு அமைக்கப்பட்டன. காவிரியில் அவர் 1836இல் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையைக் கட்டினார். ஆயினும் காவிரிப் படுகையின் பழைய வாய்க்கால் அமைப்பு போக்குவரத்துக் கால்வாயாக மாறவில்லை. நெல் பெரும்பாலும் மாட்டு வண்டியிலேயே சென்றது. 1860களின் தொடக்கத்தில் நாகப்பட்டினம், தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி ஆகிய நகரங்களை இருப்புப்பாதை இணைத்தது.

எனவே படுகையில் படகுத் தொழில் மூன்று இடங்களிலேயே சிறப்பாக நிலைபெற்றது. அவை ஆறுகளைக் கடக்கும் ஓடத்துறைகள், கடற்கரைத் துறைகள், நாகப்பட்டினத்தையும் வேதாரண்யத்தையும் இணைக்கும் வேதாரண்யம் கால்வாய் என்பனவாகும். 1860களில் வெட்டப்பட்ட இக்கால்வாய் வேதாரண்யத்து உப்பைக் கொண்டு செல்லப் பயன்பட்டது. தஞ்சாவூர் வயல்களுக்கு நடுவே பெரிய பாய்மரச் சரக்குப் படகு செல்வதாக ஒரு படம் காட்டுமானால், அதை ஐயத்துடனேயே நோக்க வேண்டும்.

படகு வகைகள்

ஓவியங்களை மதிப்பிட, படகுகளின் கட்டமைப்பை அறிவது இன்றியமையாதது.

பரிசல்: மூங்கில் பட்டைகளால் கூடை போல் முடையப்பட்டு, முற்காலத்தில் தோல் போர்த்தப்பட்ட வட்ட வடிவக் கலம். 16ஆம் நூற்றாண்டில் விசயநகரம் வந்த போர்த்துக்கீசியரான டொமிங்கோ பயஸ், தோல் போர்த்திய கூடைப் படகுகளில் மக்கள் ஆற்றைக் கடந்ததைக் குறித்துள்ளார். பரிசலுக்கு முன்புறம், பின்புறம் என்ற வேறுபாடு இல்லை. பயணிகள் எடை சமமாகும்படி விளிம்பைச் சுற்றி அமர்வர்.

கட்டுமரம்: மரத்துண்டுகளைக் கயிற்றால் பிணைத்துச் செய்யப்படும் மிதவை. வேலை முடிந்தபின் பிரித்து உலர வைக்கலாம். இதற்கு உட்குழிவு கிடையாது. அலை மேலேறி மரத்துண்டுகளின் இடைவெளி வழியாக வடிந்துவிடும்.

சலங்கு: சோழமண்டலக் கரையில் கப்பலுக்கும் கரைக்கும் இடையே ஆட்களையும் சரக்கையும் ஏற்றிச் சென்ற தைத்த படகு. ஆங்கிலேயர் இதை மசூலா என்றும், பிரெஞ்சுக்காரர் சலங்கு என்னும் சொல்லைத் திரித்தும் வழங்கினர். இதன் பலகைகள் ஆணியால் அறையப்படாமல் தென்னை நார்க் கயிற்றால் தைக்கப்பட்டன. வங்கு எனப்படும் குறுக்குச் சட்டங்களும் இல்லை. ஆதலால் அலையில் மோதும்போது படகு உடையாமல் நெளிந்து கொடுத்தது.

வத்தை: கோடியக்கரை, முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் ஆகிய பாக்குநீரிணைப் பகுதிகளுக்குரிய பாய்மரப் படகு. இதில் முதலில் வங்குகளை நிறுத்தி, பின்னரே பலகை பொருத்துவர். படகின் குறுக்கே ஒரு நீண்ட சமனப் பலகை இருக்கும். காற்று வலுக்கும்போது காற்று வரும் பக்கம் நீட்டப்பட்ட இப்பலகையில் ஆட்கள் ஏறி அமர்ந்து படகு சாயாமல் காப்பர்.

ஐரோப்பியரின் நிலக்காட்சி ஓவியங்கள்

ஆங்கிலேய ஓவியர் தாமசு டேனியலும் அவருடைய உடன்பிறந்தார் மகன் வில்லியம் டேனியலும் 1792–93இல் தென்னிந்தியாவில் பயணம் செய்தனர். தஞ்சைப் பெரிய கோயில், காவிரியிலிருந்து தோன்றும் திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டை, சென்னைக் கடற்கரை முதலியவற்றை வரைந்தனர். இவை பின்னர் இலண்டனில் 'ஓரியண்டல் சீனரி' என்னும் வரிசையில் அச்சுப் படங்களாக வெளிவந்தன. 1797இல் வெளிவந்த சென்னைப் புனித சார்ச்சுக் கோட்டைக் காட்சியில் அலைகளுக்கு நடுவே படகுகள் காணப்படுகின்றன.

இவர்கள் இருட்டறைப் பெட்டி என்னும் ஒளியியல் கருவியைப் பயன்படுத்தினர். அதனால் கட்டடங்களின் விகிதமும் தொலைவுத் தோற்றமும் நம்பத்தக்கவையாக உள்ளன. ஆனால் இக்கருவி அசையாப் பொருளுக்கே பொருந்தும். அலையில் ஏறி இறங்கும் படகை அதன் முன் நிறுத்தி வைக்க முடியாது. இறுதிப் படங்களும் பயணம் முடிந்து சில ஆண்டுகளுக்குப் பின், குறிப்போவியங்களைக் கொண்டு உருவாக்கப்பட்டவை. முன்புறத்தில் மனிதரையும் படகையும் வைத்துக் காட்சிக்கு ஆழம் ஊட்டுவது அக்கால நிலக்காட்சி ஓவியத்தின் வழக்கம் ஆகும். ஆகவே ஒரே அச்சுப் படத்தில் கோட்டைச் சுவர் அளவுச் சான்றாகவும், முன்னுள்ள படகு காட்சிப் பொருளாகவும் இருக்கக்கூடும்.

தஞ்சாவூர்க் கம்பெனி ஓவியங்கள்

18ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் தஞ்சாவூர் ஓவியர்கள் கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலர்களுக்காக ஐரோப்பியத் தாளில் நீர்வண்ண ஓவியங்களை வரைந்தனர். இவை கம்பெனி ஓவியங்கள் என வழங்கப்படுகின்றன. இரண்டாம் சரபோசி (ஆட்சி: 1798–1832) காலத்தில் தஞ்சாவூர் ஓவியத்திற்கும் இயற்கை வரலாற்றுப் படங்களுக்கும் முக்கிய மையமாக விளங்கியது. இலண்டனில் உள்ள பிரித்தானிய நூலகம், விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் ஆகியவற்றில் இவ்வகைத் தொகுதிகள் உள்ளன.

சாதிகளையும் தொழில்களையும் காட்டும் தொகுதிகள் பெரிதும் விற்பனையாயின. ஒவ்வொரு தாளிலும் ஓர் ஆணும் பெண்ணும் நிற்க, அவர்கள் கையில் தொழிற்கருவி இருக்கும். நெசவாளர், கள் இறக்குவோர், மீனவர் முதலியோர் இவ்வாறு வரையப்பட்டனர். இவ்வமைப்பில் கையில் பிடிக்கத்தக்க பொருளுக்கே நல்ல இடம் கிடைக்கிறது. வலை, கூடை, துடுப்பு ஆகியவற்றை ஓவியர் அருகில் வைத்துக் கூர்ந்து வரைய முடியும். இரண்டு ஆள் உயரமே உள்ள தாளில் ஒரு முழுப் படகை அதன் உண்மை விகிதத்தில் காட்டுவது கடினம்.

தஞ்சாவூர்ப் பலகை ஓவியத்தில் மூலத் தெய்வம் பெரிதாகவும் ஏனையோர் சிறிதாகவும் அமைவது மரபு. அங்கு உருவத்தின் அளவு சிறப்பைக் குறிக்கும், தொலைவைக் குறிக்காது. இப்பின்னணியில் பயின்ற ஓவியர் ஆளைப் பெரிதாகவும் அவருடைய கலத்தைச் சிறிதாகவும் காட்டினால் அது அறியாமை அன்று. மரபின் இலக்கணம் ஆகும். அப்படத்திலிருந்து படகின் நீளத்தைக் கணக்கிட முயல்வதே தவறாகும்.

19ஆம் நூற்றாண்டில் திருச்சிராப்பள்ளி காக்கைப்பொன் தகட்டு ஓவியங்களுக்குப் பெயர் பெற்றது. தலையும் கையும் மட்டும் வரைந்த ஒரு படத்தின் மேல், வெவ்வேறு உடைகள் வரைந்த தகடுகளை மாற்றி மாற்றி வைக்கும் தொகுதிகளும் அக்காலத்தில் இந்தியாவில் விற்கப்பட்டன. ஒரே முகம் பல தொழிலாளர்களாக மாறுவதை இவற்றில் காணலாம். இவை குறிப்பிட்ட மனிதரின் உருவப்படங்கள் அல்ல, தொழிலின் அடையாளங்கள் என்பதற்கு இது தெளிவான சான்றாகும்.

அளவு வரைபடங்கள்

பிரெஞ்சுக் கடற்படை அலுவலர் எட்மண்ட் பாரி (1806–1893) தம் கடற்பயணங்களில் பல நாட்டுப் படகுகளை அளந்து வரைந்தார். ஐரோப்பாவிற்கு வெளியே உள்ள மக்களின் கப்பல் கட்டும் முறைகளைப் பற்றிய அவருடைய நூல் 1840களின் தொடக்கத்தில் பாரிசில் வெளியானது. சோழமண்டலக் கரையின் கட்டுமரமும் தைத்த படகும் இதில் இடம்பெற்றுள்ளன. மேல்தோற்றம், பக்கத்தோற்றம், குறுக்குவெட்டுத் தோற்றம் ஆகியவற்றைத் தனித்தனியே அளவுடன் தருவதால், இவற்றைக் கொண்டு மாதிரிப் படகு செய்ய இயலும்.

சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த சேம்சு ஆர்னெல் (1865–1949), இந்தியப் படகு வடிவங்களைப் பற்றிய ஆய்வை 1920இல் வெளியிட்டார். பாக்குநீரிணையின் சமனப் பலகைப் படகுகளையும் அவர் விவரித்துள்ளார். 1990களில் பிரித்தானியத் தொல்லியலாளர்கள் தமிழகக் கரையில் வத்தைகளை நேரில் அளந்து ஆய்ந்தனர். தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் கடல்சார் வரலாறு, கடல்சார் தொல்லியல் ஆகியவற்றிற்கான துறை உள்ளது.

அளவு வரைபடத்திற்கும் குறை உண்டு. அது அளக்கப்பட்ட ஒரு படகையே காட்டுகிறது. படகோட்டி எங்கு நின்றார், எத்தனை பேர் ஏறினர், நனைந்த கயிறு எவ்வாறு தொங்கியது என்பனவற்றை அது கூறுவதில்லை. இவ்வகைச் செய்திகளுக்கு ஓவியத்தையே மீண்டும் நாட வேண்டியுள்ளது.

ஒளிப்படங்கள்

சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக இருந்த லின்னேயசு டிரைப் 1858இல் தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளைப் படம் எடுத்தார். ஒளிப்படம் பொய் சொல்லாது எனக் கருதுவோர் உண்டு. ஆனால் அக்கால ஒளிப்படத்திற்கு நீண்ட நேரம் ஒளி பாய வேண்டியிருந்தது. ஓடும் நீர் கண்ணாடி போல் அசைவற்றுத் தோன்றும். நகரும் படகு மங்கலாகும் அல்லது பதியாமலே போகும். ஆகவே பழைய ஒளிப்படம் ஒன்றில் படகு இல்லாமையைக் கொண்டு அந்த ஆற்றில் படகே இல்லை என முடிவு செய்ய இயலாது.

இதழ் ஓவியங்கள்

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' புதினம் 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வெளிவந்தது. இதற்கு ஓவியர் மணியம் படங்கள் வரைந்தார். கோடிக்கரையில் படகு செலுத்தும் பூங்குழலி இப்புதினத்தின் முக்கியக் கதைமாந்தருள் ஒருவர். தமிழ் வாசகர் பலரின் மனத்தில் பழைய காவிரிப் படுகைப் படகு என்பது இத்தொடரின் வழியாகவே உருப்பெற்றுள்ளது.

சோழர் கால உடைக்கும் அணிகலனுக்கும் கோயில் சிற்பங்களும் செப்புத் திருமேனிகளும் ஆதாரமாக அமைகின்றன. அக்காலத் தொழிற்படகுக்கு இத்தகைய விரிவான ஆதாரம் இல்லை. ஓவியர் பிற்காலப் படகுகளைக் கொண்டும் கற்பனையைக் கொண்டுமே வரைய வேண்டியிருக்கிறது. கதைக்குரிய படத்தில் இது குறை ஆகாது. அப்படமே பின்னர்ப் பாடநூலிலோ கண்காட்சியிலோ 'சோழர் படகு' என்ற தலைப்பில் இடம்பெறும்போதுதான் சிக்கல் தோன்றுகிறது.

பிற நாடுகளுடன் ஒப்பீடு

இங்கிலாந்தின் சான் கான்சுடபிள் (1776–1837) இசுடூர் ஆற்றின் தொழிற்படகுகளை வரைந்தவர். அவருடைய தந்தை ஆலைகளும் சரக்குப் படகுகளும் உடைய தானிய வணிகர். ஆதலால் இழுவைக் குதிரையின் சேணம், பாதையின் குறுக்கே உள்ள தடுப்பைக் குதிரை தாண்டுவது போன்ற தொழில் நுணுக்கங்களை அவர் நன்கு அறிந்திருந்தார். ஆயினும் 1825ஆம் ஆண்டின் 'தாண்டும் குதிரை' ஓவியத்தில், அவ்விடத்திலிருந்து தெரியாத தெடம் தேவாலயக் கோபுரத்தைப் படத்தின் அமைப்பிற்காகச் சேர்த்தார். தொழில் துல்லியமானது, இடம் மாற்றப்பட்டது.

வங்காளத்தில் பணியாற்றிய பிளெமிய ஓவியர் பால்தசார் சோல்வின்சு (1760–1824) ஐரோப்பாவில் கடற்காட்சி ஓவியராகப் பயின்றவர். 1790களின் இறுதியில் கல்கத்தாவில் அவர் வெளியிட்ட 250 செதுக்கோவியங்களில் வங்காளப் படகு வகைகள் தனிப் பகுதியாக இடம்பெற்றன. டேனியல்களின் படங்களுக்குக் கிடைத்த வரவேற்பு இவற்றிற்குக் கிடைக்கவில்லை. ஆனால் படகு வரலாற்றாய்வில் இவை இன்று பெரிதும் மதிக்கப்படுகின்றன. விற்பனையாகும் அழகும் சான்றாகும் தன்மையும் ஒன்றல்ல என்பதை இது காட்டுகிறது.

ஓவியத்தைச் சரிபார்த்தல்

ஒரு படகு ஓவியத்தின் நம்பகத்தன்மையை மதிப்பிடப் பின்வரும் கேள்விகள் உதவும்.

1. நீரும் பருவமும்: வயலில் அறுவடை நடக்கும்போதோ கோடையிலோ ஆறு கரை நிரம்பி ஓடுவதாக உள்ளதா? அப்படியாயின் இரு வேறு குறிப்போவியங்கள் ஒன்றாக இணைக்கப்பட்டிருக்கலாம்.

2. காற்று: பாய் புடைக்கும் திசையும், கரையில் உள்ள தென்னை ஓலை சாயும் திசையும் ஒத்துள்ளனவா? வத்தையின் சமனப் பலகை காற்று வரும் பக்கம் நீண்டிருக்க வேண்டும். எதிர்ப்பக்கம் ஆட்கள் அமர்ந்திருந்தால் படகு கவிழும்.

3. இணைப்பு: சலங்கின் பலகைகளுக்கு இடையே தையல் தெரிகிறதா? ஆணித் தலைகளும் உட்சட்டங்களும் வரையப்பட்டிருந்தால் ஓவியர் தம் நாட்டுப் படகை நினைவில் கொண்டு நிரப்பியிருக்கக்கூடும்.

4. சுமை: நிறைசுமை ஏற்றிய படகு நீரில் ஆழ்ந்து உள்ளதா? வெறும் படகு போல் மிதந்தால் மூட்டைகள் பின்னர்ச் சேர்க்கப்பட்டவை எனக் கருதலாம்.

5. இயக்கும் விசை: காற்று இல்லாத கால்வாயில் படகு எவ்வாறு நகர்கிறது? சென்னையை அடுத்த பக்கிங்காம் கால்வாயில் ஆட்கள் கழியூன்றித் தள்ளியும், கரையில் நடந்து கயிற்றால் இழுத்தும் படகுகளைச் செலுத்தினர். கழியும் கயிறும் இல்லாத படம் உழைப்பை மறைக்கிறது.

6. அச்சு முறை: செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிடும்போது படம் இடவலமாக மாறும். செதுக்குபவர் இதை முன்கூட்டியே திருத்தாவிடில், வலப்பக்கத் துடுப்பு இடப்பக்கம் தோன்றும்.

7. படியெடுத்தல்: அதே உருவம் வேறு தொகுதியிலும் உள்ளதா? கம்பெனி ஓவியக் குடும்பங்கள் ஒரே மாதிரிப் படத்தைப் பலமுறை வரைந்து விற்றன. பத்துப் படிகள் பத்துச் சான்றுகள் ஆகா. தாளின் நீர்க்குறியில் ஆண்டு இருந்தால், படம் அதற்குப் பிற்பட்டது என உறுதி செய்யலாம்.

பொதுவாக, ஓவியர் மாற்றுவதற்கு எந்தக் காரணமும் இல்லாத சிறு செய்திகளே அதிக நம்பகத்தன்மை உடையவை. துடுப்பு அலகின் வடிவம், கயிற்று முடிச்சு, கூடையின் பின்னல், தலைச்சுமையைத் தாங்கும் சும்மாடு ஆகியவை இவ்வகையின. மாறாக, படத்தின் நடுவிலும் முன்புறத்திலும் கண்ணைக் கவர வைக்கப்பட்டவை மாற்றத்திற்கு உட்பட வாய்ப்பு மிகுதி.

முக்கியத்துவம்

பயணிகளையும் சரக்கையும் கரை சேர்த்த பெரிய சலங்குகள் துறைமுகங்கள் அமைந்தபின் தேவையற்றுப் போயின. ஆற்று ஓடத்துறைகள் பலவற்றின் இடத்தில் பாலங்கள் உள்ளன. பரிசலின் தோல் போர்வைக்கு மாற்றாகத் தார் பூசிய விரிப்புகள் வந்துள்ளன. இந்நிலையில் ஓவியத்தில் உள்ள ஒரு பிழை, அதைப் பார்த்துச் செய்யப்படும் மாதிரிப் படகிலும், அம்மாதிரியைப் பார்த்து எழுதப்படும் நூலிலும் தொடர்கிறது. திருத்துவதற்கு உண்மையான படகு எஞ்சியிருப்பதில்லை.

இச்சிக்கல் படகோடு முடிவதில்லை. கம்பெனி ஓவியங்களின் குறிப்புகள் பொதுவாகச் சாதியையும் தொழிலையும் தருகின்றன. நிற்பவரின் பெயரைத் தருவதில்லை. வரைந்தவரின் பெயரும் பெரும்பாலும் தெரிவதில்லை. புதிய வேட்டியும் அணிகலனும் பூண்டு, களைப்பின்றி நிற்கும் இணையாகவே தொழிலாளர் தோன்றுகின்றனர். மீன் விற்று வீட்டைத் தாங்கிய பெண், படத்தின் தலைப்பில் 'மனைவி' என்ற அளவிலேயே இடம்பெறுகிறார். ஆனால் அவர் தலையில் உள்ள கூடையும் அதை ஏந்தும் கையும் அவருடைய தொழிலைத் தெரிவிக்கின்றன. தலைப்பு விட்டுவிட்ட செய்தியைப் படத்தின் சிறு பகுதி தருவதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு ஆகும். படகு ஓவியங்களையும் இவ்வாறு பகுதி பகுதியாகப் படிப்பதே பொருத்தமான முறையாகும்.